வலது கைதான் முதலில்

எங்கள் பட்டினத்தில் மவுத்தான பெண்கள், உயிர் போன உடம்பை நாங்கள் குளிப்பாட்டும்போது தாங்களாகவே கையைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கி இந்த ரஜப் மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. முதலில் தூக்கியது பவளக்காரத் தெரு சபுரா மாமி. எண்பத்தொரு வயது, சர்க்கரை, கடைசி இரண்டு மாதம் படுக்கை. கொல்லையில் ஓலைத் தட்டி கட்டி, பலகையில் கிடத்தி, இலந்தை இலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே போர்த்திய துணி விலகாமல் வயிற்றை மெல்ல அழுத்தித் துடைத்து முடித்தோம். அடுத்து, உயிரோடு இருக்கும்போது ஒவ்வொரு தொழுகைக்கு முன்னாலும் அவள் தனக்குத் தானே செய்துகொண்ட ஒளுவைக் கடைசியாக ஒரு தடவை நாங்கள் செய்துவைக்கிற கட்டம் வந்தது. நான் சொம்பைச் சாய்த்தேன். சபுரா மாமியின் வலது கை பலகையை விட்டு எழும்பி, மணிக்கட்டைத் தளரவிட்டு, விரல்களை விரித்து, குழாயடியில் நிற்கிறவள் நீட்டுவதைப் போலத் தண்ணீருக்கு நேராக வந்து நின்றது.

“ம், வலது கைதான் முதல்ல” என்று சொல்லிவிட்டு ஜெய்த்தூன் லாத்தா கழுவினார்.

அப்புறம் இடது கை வந்தது. முகம் கழுவ முகவாய் தானாக நிமிர்ந்தது. தலையை ஈரக்கையால் தடவும்போது கழுத்து கொஞ்சம் வளைந்து கொடுத்தது. காலுக்கு வந்தபோது, சுண்டுவிரலை நுழைத்துக் கழுவ வசதியாகக் கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பயந்தாயா என்று பின்னால் பலபேர் என்னைக் கேட்டார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? அறுபது வருடம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை நீட்டிய கை அது, கணக்குப் போட்டால் லட்சத்தைத் தாண்டும், மழையிலும் நீட்டியது, காய்ச்சலிலும் நீட்டியது, தண்ணீர் வராத நாளில் ஒரே ஒரு சொம்பை வைத்துக்கொண்டும் நீட்டியது, உயிர் போன சேதி அந்தக் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் சத்தம் கேட்டது, அது தன் வேலையைப் பார்த்தது.

ஜெய்த்தூன் லாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, முப்பது வருடமாக ஊரில் மவுத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டுகிறவர். கூலி வாங்கமாட்டார், சாப்பாட்டுக்கு உட்காரமாட்டார், கூப்பிட்டால் போட்டது போட்டபடி வருவார். இறந்தவளின் தலையைத் தூக்கும்போது தூங்குகிற பிள்ளையின் தலையைத் தூக்குவது போலத்தான் தூக்குவார், தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பார். “அவளுக்குத் தெரியவா போவுது லாத்தா?” என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்றார். அவருக்குக் கீழே பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான், மைமூன். துணி பிடிக்க ஹபுஸா என்று இன்னொருத்தி. வீட்டுப் பெண்களை நாங்கள் தட்டிக்குள் விடுவதில்லை, அழுகிறவர்கள் உள்ளே வந்தால் வேலை நடக்காது.

குளிப்பாட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவளின் உடம்பில் கெட்டதாக எதையாவது கண்டால் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும், நல்லதைக் கண்டால் சொல்லலாம். தழும்பு, புண், நாற்றம், யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த ஊனம், எல்லாம் தட்டிக்குள்ளேயே மண்ணில் ஊறிப்போய்விடும். முகம் தெளிவாக இருந்தது, சிரித்த மாதிரி இருந்தது என்றால் வெளியே வந்து சொல்வோம், பெற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு ஆறுதல். எவ்வளவு அழகான சட்டம் பாருங்கள், அதை வைத்துத்தான் நான் ஊரைக் கெடுத்தேன். என் வாய்க்கு மூடி கிடையாது. சபுரா மாமி வீட்டுக் கொல்லையிலிருந்து வெளியே வந்ததும், நல்லதைத்தானே சொல்கிறோம் என்று, மாமி கை தூக்கிக் கொடுத்த கதையை விரல் விரிந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வெயில் காலத்தில் மாம்பழம் வருவதை எடுத்துக்கொள்வது போலத்தான். அடுத்து இரண்டு பேர் கை தூக்கினார்கள், அடுத்து நாலு பேர். பூனை முகம் துடைப்பது போலத் தண்ணீரைத் தொட்டுவிட்டுத் தொழப் போன பெண்களெல்லாம் முழங்கைக்கு மேல் நனைய ஒளு செய்ய ஆரம்பித்தார்கள். கொல்லைக் குழாய்களை உட்கார்ந்து கழுவ வாகாகத் தாழ்வாக இறக்கச் சொல்லி பிளம்பருக்கு ஒரு மாதம் ஓய்வில்லை. காலையில் பல் விளக்குவதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்ட மருமகள்களை மாமியார்கள் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆண்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று பள்ளிவாசல் மோதினாரைக் கேட்டால் அவர் வானத்தைப் பார்த்தார், அங்கே கை தூக்குகிறவர்கள் குறைவு என்று நாங்களாகவே முடிவுசெய்துகொண்டோம். பூ விற்க வரும் புஷ்பம் கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள், ஆச்சரியப்படவில்லை.

“எங்க ஆத்தா செத்தப்பயும் இதாங்க்கா” என்றாள். “சனிக்கிழம தவறாம எண்ணெ தேய்ச்சு முழுகுற தல. நாங்க எண்ணெ சீயக்கா வைக்கப் போனா, தானா குனிஞ்சு குடுத்துச்சு. கண்ணுல சீயக்கா படாம கண்ண இறுக்கி வேற மூடிக்கிச்சு.”

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கை தூக்கியவர்களின் வீடுகள் தெரிய வந்ததும் கை தூக்காதவர்களின் வீடுகளும் தெரிய வந்தன. நாங்கள் யாரைப் பற்றியும் கெட்டது சொல்லவில்லை, அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் சொல்லாமல் நின்றோம். அந்த ஒன்றுமில்லாததை ஊர் கேட்டுவிட்டது. தைக்காத் தெருவில் ஒருத்தியின் மூன்று மகள்களும் அப்புறம் ஒரு வருடம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் வரவில்லை. பெரிய வளவு ஹமீதா, என் வயதுக்காரி, மாமியார் இரண்டு கையும் தூக்கியவள், இதை மூன்று சம்பந்தம் பேசும் இடத்தில் சொல்லியிருக்கிறாள். “எங்க மாமி ரெண்டு கையும்” என்பாள், மற்றவர்கள் ஒரு கையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி.

ஜெய்த்தூன் லாத்தாவுக்கு இது புரிந்த நாளில் என்னைக் கூப்பிட்டு, “இனிமே நல்லதையும் சொல்ல வேணாம் மைமூன்” என்றார். சரி என்று மூடிக்கொண்டோம். அடுத்தடுத்து நாலு மையத்து, நாலுக்கும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. நாலு வீட்டாரும் சண்டைக்கு வந்தார்கள். “எங்க உம்மா கண்டிப்பாத் தூக்கியிருப்பா, நீங்க ஏன் மறைக்கிறீங்க?” என்று தூக்கியவளின் மகள் கத்தினாள். தூக்காதவளின் மகளும் அதையேதான் கத்தினாள். வாயைத் திறந்தாலும் வம்பு, மூடினாலும் வம்பு என்று ஆகிப்போனதில் லாத்தா இளைத்துப்போனார். குளிப்பாட்டும் வேலையையே விட்டுவிடலாமா என்று முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். அந்த நேரத்தில்தான் குறைஷா மவுத்தானாள்.

குறைஷா மீன் வெட்டுகிறவள். கடற்கரை ஏலக்கூடத்தில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து மதியம் வரை ஊருக்கு மீன் ஆய்ந்து கொடுப்பாள். அவள் புருஷன் முகைதீன் படகிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய் இருபத்திரண்டு வருடமாகக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். ஜெஸிமா என்று ஒரே மகள், தையல் தைக்கிறவள். குறைஷாவைப் பெண்கள் தொழும் தைக்காவில் யாரும் பார்த்ததில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்ததில்லை, மீன் வாடை அடிக்கும் என்று அவளும் ஓரமாகவே நடப்பாள், நாங்களும் ஓரமாகவே விட்டோம். “அவ எங்கத்த தொழுவா” என்று ஹமீதா ஒருநாள் சொன்னாள். “கை பூரா செதிலு. செதில் ஒட்டுன எடத்துல தண்ணி எறங்குமா? தண்ணி எறங்காட்டி ஒளு ஏது?” சட்டப்படி அது சரிதான். அதைக் கேட்டு நாலுபேர் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, புருஷனுக்கு சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள், சொம்பு கையிலேயே இருந்தது. ஐம்பத்திரண்டு வயது. பதினோரு மணிக்கு நாங்கள் போனபோது முற்றம் நிறையப் பெண்கள். பாவம் என்று வந்தவர்கள் பாதி, தூக்குவாளா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. முன்வரிசையில் ஹமீதா.

தட்டிக்குப் போகிற வழியில் ஜெஸிமா லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை, பயம் இருந்தது.

“லாத்தா, எங்க உம்மா தூக்க மாட்டா. எனக்குத் தெரியும். அது நின்னு நிதானமா ஒளு செஞ்சு நான் பாத்ததே இல்ல, எப்பயும் ஓட்டந்தான். நீங்க வெளிய வந்து சும்மா நின்னாப் போதும், இவுங்க எல்லாரும் எங்க உம்மாவுக்குப் பேரு வச்சிருவாங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க லாத்தா, தூக்குனான்னு.”

“மையத்து மேல பொய் சொல்ல மாட்டேன் புள்ள.”

“அப்ப எங்க உம்மா பேரு?”

லாத்தா தட்டியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, “ஹபுஸாவுக்குக் காச்சலு. நீ வந்து துணியப் பிடி. அழக் கூடாது” என்று உள்ளே கூட்டிக்கொண்டார்.

துணியைப் போர்த்தி, தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்து, லாத்தா முதலில் குறைஷாவின் கையை எடுத்தார். நகக்கண்ணில் சிக்கியதை எடுக்க ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் தயாராக வைத்திருந்தோம். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு செதில் இல்லை. நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தன, விரல் இடுக்குகளில் தோல் தேய்ந்து வெளுத்துப்போயிருந்தது, அரப்பையும் எலுமிச்சைத் தோலையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த உள்ளங்கையில் ரேகைகூடப் பாதிதான் மீதி இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சி போட்டது போட்டபடி கிடந்தது. செதிலைப் பற்றித் தலையாட்டிய என் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கை எழும்பவில்லை. சொம்பைச் சாய்த்தேன், சும்மா கிடந்தது. லாத்தாவே தூக்கிக் கழுவினார். முகம் நிமிரவில்லை, லாத்தாவே நிமிர்த்தினார். ஒளு முடித்து, தலையில் ஊற்றி, வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஒரு முறை, இரண்டாம் முறை, கற்பூரத் தண்ணீரால் மூன்றாம் முறை. மூன்றோடு நிறுத்தலாம். லாத்தா நிறுத்தவில்லை. ஐந்தாக்கினார். தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, நேரமாவதைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜெஸிமா துணியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். லாத்தா ஏழாவது முறைக்குக் குனிந்தபோது வியர்வை நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணில் விழுந்தது, துடைக்க முடியாமல் கண்ணைச் சிமிட்டினார், ஒரு கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு “யா அல்லாஹ்” என்று பெருமூச்சு விட்டார்.

அப்போது குறைஷாவின் இரண்டு கைகளும் எழும்பின.

மற்றவர்கள் நீட்டியது போல அவள் நீட்டவில்லை. இடது கை போய் லாத்தாவின் வலது மணிக்கட்டுக்கு அடியில் தாங்கிப் பிடித்தது. வலது கை உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றது. எனக்கு ஒரு நொடி புரியவில்லை, அப்புறம் புரிந்தது, கற்பூரம் கலக்காத நல்ல தண்ணீர்ப் பானையிலிருந்து சொம்பை முகந்து அந்தக் கையில் ஊற்றினேன். அது லாத்தாவின் கையை விரலிடுக்கு விடாமல் கழுவியது. மறுபடி குழிந்து நின்றது, ஊற்றினேன், லாத்தாவின் முகத்தில் வியர்வை போக மூன்று தடவை வழித்தது, மூக்கோரம், கண்ணோரம், காதோரம், கண்ணில் தண்ணீர் போகாமல் பெருவிரலால் அணைகட்டிக்கொண்டு. பிறகு வலது முழங்கை, பிறகு இடது முழங்கை. ஈரக்கையை லாத்தாவின் முக்காட்டுக்குள் விட்டு முன்தலையைத் தடவியது. லாத்தா அசையாமல் குனிந்தபடியே நின்றார், உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. குறைஷாவின் கைக்குக் கால் எட்டவில்லை. கீழ்ப்பக்கமாக நீண்டு நின்று தேடியது. நான் உட்கார்ந்து லாத்தாவின் இரண்டு பாதங்களிலும் தண்ணீர் ஊற்றி விரல்களுக்கு நடுவில் கழுவிவிட்டேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தக் கைகள் பலகைக்குத் திரும்பின.

“வாப்பாவுக்கு இப்படித்தான் செய்யும்” என்றாள் ஜெஸிமா. “அஞ்சு வேளையும். இதே மாதிரித்தான், கண்ணுல தண்ணி போவாம.” சொல்லிவிட்டுத் துணியைப் பிடித்தபடியே அழுதாள். லாத்தா தடுக்கவில்லை, நானும்தான் அழுதுகொண்டிருந்தேன்.

கபன் துணி சுற்றி, அத்தர் தடவி, சந்தூக்கில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது முற்றமே லாத்தாவின் முகத்தைப் பார்த்தது. லாத்தா ஒன்றும் சொல்லவில்லை. முகைதீன் கிடந்த கட்டிலின் பக்கத்தில் சந்தூக்கைக் கொஞ்ச நேரம் இறக்கினார்கள், அவர் அழுதார், ஜெஸிமா அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஆண்கள் கலிமாச் சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹமீதா பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். ஜெஸிமா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆனால் இந்த ஊரைக் கெடுத்த நாக்கு அதுதான் என்று கடித்துக்கொண்டேன்.

பாங்கு சொன்னார்கள். முற்றத்துப் பெண்கள் நண்பகல் லுஹர் தொழுவதற்காகக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். மையத்தைக் குளிப்பாட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் தொழுவது எங்கள் வழக்கம், அதிலும் ஜெய்த்தூன் லாத்தா ஒருநாளும் தவறியதில்லை. அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. குழாயடிக்கும் போகவில்லை. வரிசையைக் கடந்து நேராகக் கூடத்துக்குப் போய், பாயை உதறிப் போட்டு, ஈரம் சொட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிப்லாத் திசையைப் பார்த்து நின்றார்.

“என்ன லாத்தா இது?” என்று ஹமீதா குழாயைத் திறந்தபடி கேட்டாள். “குளிக்காட்டியும் போவுது, ஒளுகூடச் செய்யாமலா தொழப் போறீங்க?”

“எனக்கு ஒளு செஞ்சு விட்டாச்சு ஹமீதா.”

“யாரு செஞ்சு விட்டது?”

“குறைஷா” என்று சொல்லிவிட்டு, லாத்தா கைகளைத் தூக்கித் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார்.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸிமா போய் லாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகப் போய் வரிசையில் சேர்ந்தார்கள். ஹமீதா கடைசியாகப் போனாள், அன்றைக்கு அவள் ஒளு செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பேர் குளித்து முடித்திருக்கலாம்.

இறந்தவள் செய்துவிட்ட ஒளு செல்லுமா என்று ஊர் ஆலிம்சா இன்னும் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், தண்ணீர் நல்ல தண்ணீர், உறுப்பெல்லாம் நனைந்தது, மனதில் நினைத்த நிய்யத்து லாத்தாவுடையது, அப்புறம் என்ன என்று நான் கேட்டேன், அவரும் அதைத்தான் யோசிப்பதாகச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு யாரும் சொல்லாமலேயே மோதினார் ஒரு சொம்போடு முகைதீன் வீட்டுக்குப் போனார். இப்போது ஆண்கள் முறை வைத்துப் போகிறார்கள், மஃரிபுக்கு யார் போவது என்று தகராறுகூட வந்தது. ஹமீதாவின் புருஷனுக்கு வியாழக்கிழமை. கண்ணில் தண்ணீர் படாமல் முகம் கழுவிவிட அவர் படிக்க ஒரு மாதம் ஆனது, படித்துவிட்டார்.

கை தூக்குவது நின்றுவிடவில்லை. சிலர் தூக்குகிறார்கள், சிலர் தூக்குவதில்லை. போன வாரம் தைக்காத் தெருவில் ஒரு மவுத். வேலை முடிந்து நானும் லாத்தாவும் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம். முற்றம் நிறையப் பெண்கள் இருந்தார்கள், யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. வாசல்படியில் ஹமீதா ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், அது சூடாக இருக்கிறதா என்று தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கைய நீட்டுங்க லாத்தா” என்றாள்.

லாத்தா வலது கையை நீட்டினார்.